காலதரைத் திறப்பதா, அடைப்பதா?
கடலோரப் பழைய வீடுகளின் சுவர்த் துளைகள் பற்றி ஓர் ஆய்வு

காரைக்கால் கடற்கரையில் வரிசையாக அமைந்த மீனவ ஊர்களில் ஒன்று கருக்களாச்சேரி. ஐப்பசி பிறந்து காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் இந்தக் கரையின் பழைய வீடுகளில் ஒரு பழைய தொல்லையும் திரும்பி வரும். சுவர் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே இருக்கும் வென்டிலேட்டர் துளைகள் வழியே சாரல் உள்ளே தெறிக்கும், ஊதக்காற்று இறங்கும். சாக்கு, பழைய சேலை, அட்டை என்று கைக்குக் கிடைத்ததைச் செருகி அடைப்பதுதான் எளிய வழி. பங்குனியில் புழுக்கம் தொடங்கும்போது யாராவது நினைவாகப் பிடுங்கினால் உண்டு. இல்லாவிட்டால் அந்த அடைப்பு அப்படியே நிலைத்துவிடும். அடுத்த முறை வெள்ளையடிக்க வரும் கொத்தனார் அதன் மேலேயே பூசிவிட்டும் போகலாம்.

இந்தத் துளையை அடைக்கலாமா, கூடாதா? கேள்வி சிறியதாகத் தெரிகிறது. ஆனால் இதற்குப் புலவர்களும் மருத்துவர்களும் பூச்சியியலாளர்களும் கட்டடப் பொறியாளர்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எதைக் காக்கப் பிறந்தது, எங்கே தளர்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய விடை: பருவம் பார்த்து அடைப்பது

‘காலதர்’ என்று சன்னலுக்கு ஒரு பழந்தமிழ்ச் சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பார்க்கும் வாயிலாகவோ வெளிச்சம் தரும் வாயிலாகவோ இன்றி, காற்றின் வழியாகவே சன்னலுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். காரைக்காலுக்கு வடக்கே இதே கரையில் இருந்த புகார் நகரத்து மாளிகைகளைப் பேசும்போது, மானின் கண் போன்ற வடிவில் அமைந்த காலதரைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது.

அடைப்பதா திறப்பதா என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. பெயரே வாடைக்காற்றின் பெயர். கூதிர்கால நகரத்தைக் காட்டும் பகுதியில், வேனிலில் பயன்பட்ட விசிறிகள் சுருக்கப்பட்டுச் சிலந்தி நூல் படர்ந்து தொங்குகின்றன. தென்றலைக் கொண்டுவந்து தரும் மேல்மாடத்துச் சன்னல்களின் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. அதாவது காற்று வழி உண்டு, அதற்குக் கதவும் உண்டு, கதவுக்குத் தாழும் உண்டு. வேனிலில் திறப்பார்கள், வாடையில் அடைப்பார்கள்.

இந்த விடைக்கு அடிப்படை, காற்றைத் திசை பிரித்து அறிந்த அறிவு. தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கடலோடிகளிடம் கச்சான், சோழகம் என்று இன்னும் பெயர்கள் வழங்குகின்றன. எல்லாக் காற்றும் ஒன்றல்ல என்று அறிந்த சமூகத்தில் ‘காற்று வரட்டுமா’ என்று பொதுவாகக் கேட்க முடியாது, எந்தக் காற்று என்று கேட்க வேண்டும்.

இதன் குறை வெளிப்படையானது. நெடுநல்வாடையின் மாடங்கள் வளம் மிக்கோருடையவை. குடிசையில் வாழ்ந்தவர் வாடையை எப்படித் தடுத்தார் என்பதை அதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. தவிர, கையெட்டும் உயரத்தில் உள்ள சன்னல் கதவுக்கும் எட்டடி உயரத்துத் துளைக்கும் பராமரிப்பில் பெரிய வேறுபாடு உண்டு. இன்றைய சிக்கல் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் பிறக்கிறது.

ஓடு மூச்சுவிட்ட காலம்

டெல்டாப் பகுதியின் பழைய ஓட்டு வீட்டில் கூரையே காற்று வழி. நாட்டு ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடக்கும்போது இடையில் எண்ணற்ற இடுக்குகள் இருக்கும். அடுப்புப் புகை அவற்றின் வழியே வெளியேறும். நடுவில் முற்றம் இருந்தால் வெந்த காற்று அங்கே மேலெழும். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் வாசல்கள் அமைந்தால் காற்று வீட்டை ஊடுருவிப் போகும். அத்தகைய வீட்டுச் சுவர் உச்சியில் தனியாக ஒரு துளை இருந்தாலும் அது பல வழிகளில் ஒன்று மட்டுமே.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறத் தொடங்கியது. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. கொக்கி போட்டு இறுகப் பொருந்தும் அந்தச் சீமை ஓடு தென்னிந்தியா எங்கும் பரவியது. நாட்டு ஓட்டைவிட அதில் இடுக்கு குறைவு. கட்டையின்மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் தளத்தில் இடுக்கே இல்லை. பிறகு வந்த கான்கிரீட் தளமும் அப்படியே. கூரை மூச்சுவிடுவதை நிறுத்திய பிறகு, கூரைக்கு அடியில் சுவரில் துளை வைக்க வேண்டிய தேவை எழுந்தது. வென்டிலேட்டர் என்ற சொல்லும் பொதுப்பணித்துறைக் கட்டடங்கள், ரயில்வே குடியிருப்புகள், பள்ளிகள் வழியாகவே பேச்சுத் தமிழுக்குள் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை பெரும்பாலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக் கட்டட வழக்கம் இதற்கு வேறொரு கருவி தந்தது. சாய்வான மரப் பலகைகளை அடுக்கிய சன்னல் கதவு அது. வெயிலும் பார்வையும் மறையும், காற்று மட்டும் நுழையும். ஆங்கிலேயர் கட்டிய அலுவலகங்களில் நடுவில் அச்சு வைத்துச் சுழலும் வென்டிலேட்டர் கதவும், கீழிருந்தே அதை இழுத்துத் திறக்கும் கயிறும் இருந்தன. இரண்டிலும் ‘வேண்டும்போது திற, வேண்டாதபோது மூடு’ என்ற பழைய விடை எஞ்சியிருந்தது. செலவு குறைந்த வீடுகளுக்கு இந்த வழக்கம் இறங்கியபோது கதவும் கயிறும் கழன்றுபோய்த் துளை மட்டும் மிஞ்சியது. அதில் பதித்த சிமென்ட் ஜாலிக்கு மூடத் தெரியாது.

‘திறந்தே இருக்கட்டும்’: சுகாதாரத் தரப்பு

மூட முடியாத துளையை ஒரு நன்மையாகவே பார்த்த தரப்பு உண்டு. கெட்ட காற்றே நோய் தரும் என்ற கொள்கை ஓங்கியிருந்த 19ஆம் நூற்றாண்டு மருத்துவத்தில் அதன் வேர் இருக்கிறது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட செவிலியர் குறிப்புகளில், நோயாளிக்குக் குளிர் தாக்காமல் அறைக் காற்றை வெளிக்காற்றுபோல் தூய்மையாக வைப்பதையே முதல் விதியாக வைத்தார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரம் பற்றிய அரச ஆணையம் 1863இல் தந்த அறிக்கைக்குப் பிறகு படைவீரர் குடியிருப்புகளின் காற்றோட்டம் அரசின் கவலையாயிற்று. ஜெர்மனியின் மேக்ஸ் வான் பெட்டன்கோஃபர் இதற்கு எண் கொடுத்தார். அறைக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டினால் அறையில் காற்று போதவில்லை என்பது அவர் அளவுகோல். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த எண் புழக்கத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சிந்தனையின் நினைவுச்சின்னம் ஒரு ரயில் நிலையப் பெயரிலேயே இருக்கிறது: தாம்பரம் சானடோரியம். இங்கிலாந்தில் திறந்தவெளிக் காற்றுச் சிகிச்சை நடத்திய டேவிட் சௌரி முத்து 1928இல் அதைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் காற்றே மருந்து.

அந்த நம்பிக்கையை அசைத்த ஆய்வும் இதே மண்ணிலிருந்துதான் வந்தது. சென்னையில் 1956இல் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுத்த நோயாளிகளையும் நெருக்கடியான தம் வீடுகளில் இருந்தே மருந்து எடுத்துக்கொண்ட நோயாளிகளையும் ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு உலகக் காசநோய்க் கொள்கையையே மாற்றியது. மருந்து சரியாகக் கிடைத்தால் வீட்டுச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே பலன் தந்தது. நல்ல காற்று நோயாளியைக் குணப்படுத்தும் என்ற வாதம் இத்துடன் வலுவிழந்தது.

ஆனால் காற்றோட்டம் தொற்றைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. பெரு நாட்டின் லிமா மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட 1950க்கு முந்தைய கட்டடங்களில் புதுக் கட்டடங்களைவிட இருமடங்குக்கும் மேலாகக் காற்று மாறியது. சன்னலும் கதவும் திறந்த அறைகள், இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய அறைகளை விஞ்சின. உலக சுகாதார நிறுவனம் 2009இல் மருத்துவமனைகளுக்கான இயற்கைக் காற்றோட்ட வழிகாட்டியை வெளியிட்டது. கோவிட் இரண்டாம் அலையின்போது 2021 மே மாதம் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், வீடுகளில் குறுக்குக் காற்றோட்டத்தை வலியுறுத்தி அறிவுரை தந்தது.

இத்தரப்பின் பலம் அதன் சான்றுகள். பலவீனம், அச்சான்றுகளில் பெரும்பகுதி மருத்துவமனை வார்டுகளிலிருந்து வந்தது என்பதே. வாசலும் பெரிய சன்னலும் திறந்து கிடந்தபோது கிடைத்த பலனைச் சுவர் உச்சியில் உள்ள ஓர் அடி ஜாலியின் கணக்கில் அப்படியே எழுதிவிட முடியாது.

‘அடைத்துவிடுவதே மேல்’: கொசு, சாரல், சளி

அடைப்போர் தரப்பின் மிக வலுவான சாட்சி கொசு. யானைக்கால் புழுவைக் கொசுவின் உடலில் பேட்ரிக் மேன்சன் 1877இல் கண்டார். மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். கெட்ட காற்றை வெளியேற்ற வைத்த துளை, இருபதே ஆண்டுகளில் நோய் நுழையும் வழியாகப் பார்க்கப்பட்டது. யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவிய கடற்கரை இது. நோய்பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த ஆராயும் மத்திய நிறுவனம் 1975இல் புதுச்சேரியில் அமைந்ததை இந்தப் பின்னணியில் பார்க்கலாம்.

வீட்டுத் துளைகளை அடைத்தால் கொசு குறையும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நல்ல சான்று உண்டு. காம்பியா நாட்டில் நடந்து 2009இல் வெளியான சோதனையில், கதவு, சன்னல்களுக்கு வலை அடித்துக் கூரை இடுக்கையும் அடைத்த வீடுகளில் மலேரியாக் கொசு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. ஆனால் அங்குள்ள அனாஃபிலிஸ் கொசு கூரை இடுக்கு வழியாகவே அதிகம் நுழையும் பழக்கமுடையது. நம் ஊர்ச் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவுக்கு வாசல் கதவே போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ் வீட்டுத் தொட்டியிலேயே பிறந்து, பகலில் கடிக்கிறது. உச்சித் துளையை மட்டும் அடைத்துவிட்டு அந்திநேரத்தில் வாசலைத் திறந்து வைத்தால் கிடைக்கும் பலன் ஐயத்துக்குரியது.

இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. அடைத்த அறையிலும் கொசு இருக்கும், எனவே சுருள் கொளுத்துவார்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. விறகடுப்புப் புகை சமையலறையின் அமைப்பைப் பொறுத்து வீட்டில் எவ்வாறு பரவுகிறது என்பதைத் தமிழகக் கிராமங்களில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான சென்னை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். புகை பிறக்கும் வீட்டில் புகை போகும் வழியை அடைப்பது ஒரு கேட்டை விலக்கி மற்றொன்றை அழைப்பதாகும்.

அடுத்தது சளி. வாடை பட்டால் சளி பிடிக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் மட்டுமன்றி ஐரோப்பாவிலும் ஆழமாக வேரூன்றியது. 1968இல் அமெரிக்காவில், சளிக் கிருமி செலுத்தப்பட்டவர்களைக் குளிரில் வைத்துப் பார்த்த சோதனையில் குளிரால் எந்தக் கூடுதல் பாதிப்பும் தெரியவில்லை. 2005இல் பிரிட்டனின் கார்டிஃபில் 180 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் கால்களைக் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் வைத்தார்கள். அடுத்த சில நாட்களில் அந்தப் பிரிவில் 13 பேரும் மற்றதில் 5 பேரும் சளி அறிகுறி சொன்னார்கள். உடலில் ஏற்கெனவே தங்கியிருந்த கிருமி குளிரால் தலைதூக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். மார்கழியிலும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான காரைக்காலுக்கு இந்த முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்று சொல்வது கடினம். ஆனால் தலைமாட்டில் நேரே இறங்கும் காற்று முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் தரும் தொந்தரவு உண்மையானது. அதை உணர நோய்க் கொள்கை எதுவும் தேவையில்லை.

சாரலும் தூசும் எஞ்சியவை. தெற்கே வாஞ்சூரில் 2009இல் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பிறகு, நிலக்கரித் தூசு பற்றிய முறையீடுகள் அந்த வட்டாரத்தில் எழுந்தன. வெளிக்காற்று எப்போதும் தூயது என்ற நைட்டிங்கேல் காலத்து அனுமானத்தை இனி எல்லா ஊருக்கும் பொதுவாக்க முடியாது.

கணக்குப் பார்த்தால்

கட்டடவியல் இவ்வழக்கில் தாமதமாக நுழைந்த சாட்சி. ஆனால் இரு தரப்பையும் ஓரளவு அடக்கிவைக்கும் சாட்சி அதுதான்.

பத்துக்குப் பதின்மூன்றடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரை பத்தடி உயரம், கொள்ளளவு சுமார் 37 கனமீட்டர். இரண்டடிக்கு ஓரடி வென்டிலேட்டர், ஜாலியின் கட்டை போகத் திறப்பு 0.1 சதுரமீட்டர். தரையருகே அதே அளவு திறப்பு இருந்து, உள்ளே வெப்பம் வெளியைவிட 2 டிகிரி கூடுதலாகவும் இருந்தால், வெந்த காற்று மேலெழும் விசையால் மட்டும் மணிக்கு எழுபது எண்பது கனமீட்டர் காற்று வெளியேறும். அறைக் காற்று மணிக்கு இருமுறை முழுதாக மாறும் என்று பொருள். வெளியே வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் கடற்காற்று வீசி, எதிரெதிர்ச் சுவர்களில் துளைகள் இருந்தால், மணிக்குப் பத்து முறைவரை மாறலாம். இவை தோராயக் கணக்கே என்றாலும் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, சுவாசத்துக்கு இது தாராளம். இருவர் உறங்கும் அறையில் மணிக்கு இருமுறை காற்று மாறினால் கரியமில வாயு பெட்டன்கோஃபரின் ஆயிரத்துக்குக் கீழேயே நிற்கும். இரண்டாவது, புழுக்கத்துக்கு இது போதவே போதாது. மணிக்குப் பத்து முறை மாறும்போதும் அறைக்குள் காற்றின் சராசரி வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே. மின்விசிறி தருவது அதைப்போல நூறு மடங்கு. ஈரப்பதம் மிகுந்த வெக்கையில் உடலைக் குளிர்விப்பது தோலின்மேல் ஓடும் காற்று. தலைக்குமேல் ஐந்தடி உயரத்தில் ஓடும் காற்று உடலைத் தொடுவதில்லை. மைசூர் சமஸ்தானத்தில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிப் பின்னர் லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக் கலையைப் பாடமாக்கிய ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் முதலியோர், திறப்புகள் உடல் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது இதனால்தான்.

மூன்றாவது, கீழே வழியில்லாமல் மேலே மட்டும் துளை இருந்தால் வெப்ப விசை பெரிதாக வேலை செய்யாது. பாய்போட்டு அடைத்த வாசலும் சாத்திய சன்னலும் உள்ள அறையில் உச்சித் துளை திறந்திருப்பது பாதித் திறப்பே.

இந்தியத் தேசியக் கட்டட நெறிமுறை 1970இல் முதன்முதலாக வந்தது. ஈரப்பதம் மிகுந்த வெப்பப் பகுதியில் சன்னல் முதலிய திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது அது. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். மத்திய எரிசக்தித் திறன் அமைவனம் 2018இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதாவும் கடலோரத்துக்கு அதே ஆறில் ஒன்றையே, 16.66 விழுக்காடு என்ற எண்ணில் வைத்தது. நம் மாதிரி அறைக்கு இது இரண்டு சதுரமீட்டர். வென்டிலேட்டர் அதில் இருபதில் ஒரு பங்கையே தருகிறது. நெறிமுறையின் கண்ணில் அது துணைப்பாத்திரம்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் எதிர்த்திசையில் போனார். துளையைச் சிறிதாக்காமல் சுவர் முழுவதையும் துளையாக்கினார். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய செங்கல் ஜாலிச் சுவர்கள் உடல் மட்டத்திலேயே காற்றைத் தந்தன, சன்னல் செலவையும் மிச்சப்படுத்தின. கொசுவும் தூசும் ஒட்டடையும் நுழையும், மூட முடியாது என்பன அவற்றின்மேல் எழுந்த குறைகள். பேக்கர் வீட்டை மழையிலிருந்து காத்தது நீண்டு இறங்கிய கூரை. வாடைச்சாரல் பக்கவாட்டில் அடிக்கும் கோரமண்டல் கரையில் அந்தக் காப்பு எந்த அளவு எடுபடும் என்பது தனியே எண்ணிப்பார்க்க வேண்டியது.

ஈரம், உப்பு, பூட்டிய வீடு

காற்றோட்டம் இருந்தால் சுவர் காயும் என்பது பொது நம்பிக்கை. கடலோரத்தில் இது பருவத்தைப் பொறுத்தது. கார்த்திகை மழையில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும். அதை உள்ளே விட்டுச் சுவரைக் காயவைக்க முடியாது. ஆனால் சமைப்பதும் குளிப்பதும் ஈரத்துணி உலர்த்துவதும் வீட்டுக்குள் வெளியைவிட அதிக ஈரத்தைச் சேர்க்கின்றன. அந்த மிகுதியை வெளியேற்றத் துளை உதவும். எனவே மழைக்காலத்தில் சமையலறைத் துளைக்கும் படுக்கையறைத் துளைக்கும் ஒரே நீதி பொருந்தாமல் போகலாம்.

உப்பு வேறு கதை. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை உறிஞ்சிச் சுவரில் தங்கும், பூச்சு பொரிந்து உதிரும், கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்த பழைய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டது. அதன்மேல் சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்து, துளையையும் அடைத்தால் ஈரம் போக வழி குறைகிறது. இது துளையின் குற்றமா, பூச்சின் குற்றமா என்று பிரிப்பது எளிதன்று.

காரைக்காலுக்கே உரிய ஒரு நிலையையும் இங்கே கருத வேண்டும். குடும்பம் பிரான்சில் இருக்க, ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் இந்த வட்டாரத்தில் உண்டு. அத்தகைய வீட்டில் பருவம் பார்த்துத் திறந்து மூட ஆளில்லை. அங்கே மூட முடியாத ஜாலியே வீட்டைப் பூஞ்சையிலிருந்து காக்கும் ஒரே மூச்சுவழி. மேலே குறையாகச் சொன்னது இங்கே பயனாகிவிடுகிறது.

ஏசி வந்த பிறகு

பழைய வீட்டில் ஒரே ஓர் அறைக்கு ஏசி போடுவது இன்று பரவலான வழக்கம். போட வருபவர் முதலில் அடைக்கச் சொல்வது வென்டிலேட்டரைத்தான். காரணம் சரியானது. வெளியே 30 டிகிரியும் கடலோர ஈரப்பதமும் இருக்க, உள்ளே 25 டிகிரி வைத்தால், மாதிரி அறையின் காற்று மணிக்கு ஒருமுறை மாறினாலே ஒரு டன் ஏசியின் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதற்குச் செலவாகிறது. அதிலும் பெரும்பகுதி ஈரத்தை நீராக்கி வடிப்பதற்கே போகிறது. மணிக்குப் பத்துமுறை மாறினால் இயந்திரம் தோற்றுவிடும்.

எதிர்ப்பக்கக் கணக்கும் அவ்வளவே வலுவானது. வீட்டு ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே குளிர்விக்கிறது, புதுக்காற்று கொண்டுவருவதில்லை. முற்றிலும் இறுகிய அறையில் இருவர் எட்டு மணிநேரம் உறங்கினால் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஐயாயிரம் பங்கைத் தாண்டும். நிஜ அறைகளில் கதவிடுக்கு அதைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். முழுதும் அடைப்பதற்கும் முழுதும் திறப்பதற்கும் இடையில், சிறு இடுக்கு விட்ட கதவு என்ற நடுவழி இங்கே செலவுக்கும் சுகாதாரத்துக்கும் பொருந்துவதாகத் தெரிகிறது.

புயல் நாளில்

1977ஆம் ஆண்டு நாகப்பட்டினம் புயல், 2008இல் நிஷா, 2018இல் கஜா என இந்தக் கரை புயலுக்குப் பழகியது. காற்று நுழையும் பக்கம் திறந்திருந்தால் வீட்டுக்குள் அழுத்தம் கூடிக் கூரையைக் கீழிருந்து தூக்கும், மேலே ஓடும் காற்றும் உறிஞ்சும். காற்றுச் சுமை பற்றிய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, சுவரில் திறப்பு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் போனால் உள்ளழுத்தக் கெழுவை 0.2இலிருந்து 0.5 ஆகவும், இருபதைத் தாண்டினால் 0.7 ஆகவும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிட்டால் அழுத்தம் சமமாகும் என்ற யோசனையைக் காற்றுப் பொறியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. புயலில் காற்றின் திசை சுழன்று மாறும், திறந்த பக்கமே தாக்கும் பக்கமாகிவிடும். ஆகவே புயலில் அடைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. ஓட்டு வீட்டுக்கு இது கான்கிரீட் வீட்டைவிட அவசரமானது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலக வங்கி உதவியுடனும் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் தமிழ்நாடு, புதுச்சேரிக் கடற்கரைகளில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. நாகப்பட்டினம் வட்டார மறுகட்டுமானத்தை ஆராய்ந்த ஜெனிஃபர் டுய்ன் பாரென்ஸ்டைனும் டேனியல் பித்தேயும், மரங்களும் பழைய வகை வீடுகளும் அகற்றப்பட்டதால் குடியிருப்புச் சுகம் குறைந்ததைச் சுட்டினார்கள். புயலைத் தாங்கும் வீடு கோடையைத் தாங்கவில்லை. அத்தகைய வீட்டில் வென்டிலேட்டர் ஒரு சின்ன ஆறுதல் மட்டுமே.

எஞ்சி நிற்பவை

தரப்புகளை அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. இவர்கள் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை சொல்லவில்லை. ஒருவர் சுவாசக் காற்றைப் பேசுகிறார், ஒருவர் புழுக்கத்தை, ஒருவர் கொசுவை, ஒருவர் ஈரத்தை, ஒருவர் கூரையை. ஓரடி ஜாலியிடம் இத்தனை வேலையையும் எதிர்பார்த்ததுதான் வழக்கு நீண்டதற்குக் காரணமாகத் தோன்றுகிறது. சுவாசத்துக்கும் புகைக்கும் அது நம்பத்தக்கது. புழுக்கத்துக்கு அதை நம்பக் கூடாது. கொசுவை அது தனியே தடுக்கவும் இல்லை, தனியே அழைக்கவும் இல்லை. சாரலிலும் புயலிலும் அதை மூடியே தீர வேண்டும். இவை ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கவை.

அப்படியானால் பழைய புலவர் காட்டிய தாழிட்ட கதவுதான் இதுவரை சொன்னவற்றில் குறை குறைந்த விடை. கீல் வைத்த சிறு மரக்கதவோ கண்ணாடியோ, வெளியே சாரல் விழாமல் ஒரு சிறு சன்ஷேடு, உட்புறம் கழற்றிக் கழுவக்கூடிய வலை, கீழே இழுக்க ஒரு கயிறு. இதில் புதுமை எதுவும் இல்லை. ஆங்கிலேயர் கட்டிய அலுவலகங்களில் ஒருகாலம் இருந்ததுதான்.

திறந்திருக்கும் கேள்விகளும் உண்டு. கொசு நுழையாத அளவு நெருக்கமான வலை காற்றையும் கணிசமாகத் தடுக்கிறது, அதிலும் உப்பும் தூசும் அப்பிய வலை எத்தனை மாதம் வலையாக இருக்கும்? ஏசி அறைக்கு எவ்வளவு இடுக்கு விட்டால் மூச்சுக்குப் போதும், மின்கட்டணத்துக்கும் தாங்கும்? தனித்து வாழும் முதியவர் எட்டடி உயரத்துக் கயிற்றை நாள்தோறும் இழுப்பாரா, அல்லது அவருக்கு மூடாத ஜாலியே பாதுகாப்பா? அறுபது எழுபது ஆண்டுப் பழைய கூரைக்குச் சரிப்பட்டு வந்த விடை, சுனாமிக்குப் பின் வந்த கான்கிரீட் தளத்துக்குப் பொருந்துமா? இவற்றுக்குப் பொது விதி கிடைப்பது அரிது. எந்த அறை, எந்தச் சுவர், எந்த மாதம், உள்ளே இருப்பவர் யார் என்று கேட்டே விடை தேட வேண்டியிருக்கும். அதுவரை, வாடைக்காகச் செருகிய சாக்கைப் பங்குனியில் மறக்காமல் பிடுங்குவது ஒரு தற்காலிக ஏற்பாடாக நிற்கட்டும்.